அட்டவணையில் ஏற்றமும் இறக்கமும்

கணிதம் கற்பிக்கும் தொழிலில் இருப்பவர்கள் ஓயாமல் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. மேல் வரிசையில் சில எண்கள், கீழ் வரிசையில் அவற்றுக்கு ஒரு சார்பு தரும் மதிப்புகள். அதன் கீழே, இந்தச் சார்பு எந்த இடைவெளிகளில் ஏறுகிறது, எவற்றில் இறங்குகிறது என்று கேட்டிருக்கும். பார்த்தவுடன் விடை சொல்லிவிடலாம் என்று தோன்றும். விடைக்குறிப்பும் அப்படித்தான் இருக்கும்: கீழ் வரிசை கூடுகிற இடமெல்லாம் ஏற்றம், குறைகிற இடமெல்லாம் இறக்கம். வகுப்பிலேயே எளிதான மதிப்பெண் இதற்குத்தான் கிடைக்கும். ஆனால் வெறும் அட்டவணையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்கு எவராலும் விடை சொல்ல முடியாது என்பதே என் உறுதியான கருத்து. அட்டவணைக்கு வெளியிலிருந்து அந்தச் சார்பைப் பற்றி இன்னொரு செய்தி வந்தாக வேண்டும். சரியாக விடை எழுதுகிற மாணவர், தம்மை அறியாமலே அப்படியொரு செய்தியைச் சேர்த்துக்கொண்டுதான் எழுதுகிறார். அது என்ன செய்தி என்று அவரையே வாய்விட்டுச் சொல்ல வைப்பதுதான் இங்கே ஆசிரியரின் வேலை.

ஓர் எடுத்துக்காட்டை முழுவதும் பார்ப்போம். ஓர் எண்ணின் கனத்திலிருந்து அதே எண்ணின் நான்கு மடங்கைக் கழிக்கும் சார்பு. −3, −2, −1, 0, 1, 2, 3 ஆகிய எண்களுக்கு அது தரும் மதிப்புகள் முறையே −15, 0, 3, 0, −3, 0, 15. விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கு இதில் வரும் வழக்கமான பிழைகள் நன்றாகத் தெரியும். ஏறும் இடைவெளியைக் கேட்டால் மேல் வரிசையை விட்டுவிட்டு, −15 முதல் 3 வரை என்று கீழ் வரிசையை எழுதுவார்கள். −15 குறை எண்ணாக இருப்பதால் அங்கே சார்பு இறங்குகிறது என்பார்கள். மதிப்பு குறை எண்ணாக இருப்பதற்கும் மதிப்பு குறைவதற்கும் சம்பந்தமே இல்லை. மேல் வரிசை வரிசைமாறித் தரப்பட்டிருந்தால் அதை ஒழுங்குபடுத்தாமலே படிப்பார்கள். இவையெல்லாம் பழக்கத்தால் சரியாகிவிடும். இந்தப் பிழைகள் ஒன்றுமில்லாத 'சரியான' விடையைப் பற்றித்தான் எனக்குக் கவலை: −3 முதல் −1 வரை ஏற்றம், −1 முதல் 1 வரை இறக்கம், 1 முதல் 3 வரை மறுபடி ஏற்றம்.

இந்த விடை தவறு. இந்தச் சார்பின் உச்சி −1இல் இல்லை. 2ஐ 3இன் வர்க்கமூலத்தால் வகுத்து முன்னால் குறைக்குறி போட்டால் வரும் எண்ணில், அதாவது ஏறத்தாழ −1.155இல் இருக்கிறது. அங்கே சார்பின் மதிப்பு சுமார் 3.079. அந்த உச்சியைத் தாண்டி −1க்கு வரும்போது சார்பு ஏற்கெனவே இறங்கத் தொடங்கி 3க்கு வந்துவிட்டது. அப்படியானால் −2க்கும் −1க்கும் இடையில் மதிப்பு 0விலிருந்து 3க்குக் கூடியிருப்பது உண்மை. அந்த இடைவெளியில் சார்பு ஏறும் சார்பு என்பது உண்மை இல்லை. இரண்டும் வேறு வேறு கூற்றுகள். ஓர் இடைவெளியில் சார்பு ஏறுகிறது என்று சொன்னால், அந்த இடைவெளியில் எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும் பெரிய எண்ணுக்குப் பெரிய மதிப்பே வர வேண்டும். 'எந்த இரண்டு' என்பதில்தான் வரையறையின் முழு எடையும் இருக்கிறது. அட்டவணையோ ஓர் இடைவெளியின் இரு முனைகளை மட்டுமே காட்டுகிறது. முடிவிலி எண்ணிக்கையிலான சோடிகளுக்குச் சொல்ல வேண்டியதை ஒரே ஒரு சோடியை வைத்துச் சொல்கிறோம்.

அந்த ஒரு சோடி உண்மையில் எதை உறுதிசெய்கிறது? பன்னிரண்டாம் வகுப்பில் வரும் லெக்ராஞ்சியின் இடைமதிப்புத் தேற்றமே இதற்கு விடை சொல்கிறது. வகையிடத்தக்க ஒரு சார்பின் மதிப்பு இரு முனைகளுக்கிடையே கூடியிருந்தால், நடுவில் குறைந்தது ஓரிடத்திலாவது வகைக்கெழு மிகையாக இருக்கும். 'எங்கோ ஓரிடத்தில்' என்பதற்கு மேல் அந்தத் தேற்றம் ஒன்றும் தருவதில்லை. 'எங்கோ' என்பதை 'எங்கும்' என்று படிப்பதுதான் இந்தக் கேள்வியின் அடிப்படைப் பிழை. இதை மாணவர் கண்ணால் காண வேண்டுமானால் இன்னொரு சார்பைத் தரலாம். ஓர் எண்ணோடு, அதை 360 பாகையால் பெருக்கி வரும் கோணத்தின் சைன் மதிப்பை மூன்று மடங்காக்கிக் கூட்ட வேண்டும். 0, 1, 2, 3, 4 என்ற முழு எண்களில் சைன் பகுதி பூச்சியமாகிவிடும். சார்பின் மதிப்பும் 0, 1, 2, 3, 4 என்றே வரும். இதைவிட ஒழுங்காக ஏறும் அட்டவணை இருக்க முடியாது. கால் கால் எண்ணாகப் பார்த்தாலோ 0, 3.25, 0.5, −2.25, 1 என்று வருகிறது. ஒவ்வோர் அலகு நீளத்துக்குள்ளும் சார்பு மேலே போய், ஆழமாக இறங்கி, மீண்டும் ஏறியிருக்கிறது. அட்டவணையில் அதன் சுவடே இல்லை.

இது வேண்டுமென்றே செய்த சார்பு, நடைமுறையில் இப்படியெல்லாம் வராது என்று சிலர் மறுப்பார்கள். வருகிறது. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பத்தாண்டுக்கு ஒருமுறை நிரப்பப்படும் ஓர் அட்டவணைதான். 1901இல் 23.84 கோடி, 1911இல் 25.21 கோடி, 1921இல் 25.13 கோடி, 1931இல் 27.90 கோடி. அட்டவணையை மட்டும் படிப்பவர், 1911 முதல் 1921 வரை மக்கள்தொகை இறங்கியது என்று எழுதுவார். ஆண்டுதோறும் சிறுகச் சிறுகக் குறைந்து வந்ததுபோன்ற ஒரு சித்திரம் மனத்தில் பதியும். அந்தப் பத்தாண்டின் நடுவில்தான் 1918ஆம் ஆண்டின் இன்ஃபுளூயன்சா கொள்ளைநோய் இருக்கிறது. பம்பாய் வழியாக உள்ளே வந்து, அவ்வாண்டின் பிற்பகுதியில் நாடு முழுவதும் பரவிக் கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன நோய் அது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் மக்கள்தொகை ஏறிவந்திருக்கும் என்றும், சில மாதங்களில் செங்குத்தாகச் சரிந்தது என்றும், பிறகு மீளத் தொடங்கியிருக்கும் என்றும் நினைப்பதே பொருந்துகிறது. பத்தாண்டு இறக்கம் என்று அட்டவணை காட்டுவதற்குள் ஓர் ஏற்றமும் ஒரு பெருஞ்சரிவும் இன்னோர் ஏற்றமும் அடங்கியிருக்கின்றன. இதை அட்டவணையிலிருந்து யாரும் கண்டுபிடிக்கவில்லை. வரலாறு தெரிந்ததால் படிக்கிறோம்.

கடல் ஓதத்தை எடுத்துக்கொண்டால் பிழை இன்னும் நுட்பமானது. சென்னைக் கடலில் ஒரு நாளில் ஏறத்தாழ இரண்டு முறை நீர் ஏறி இரண்டு முறை வற்றும். ஓர் உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். ஒருவர் தினமும் காலை 6 மணிக்கு மட்டும் நீர்மட்டத்தைக் குறித்து வைக்கிறார் என்று கொள்வோம். இரண்டு ஓதச் சுழற்சிகளுக்கு 24 மணி 50 நிமிடம் ஆவதால், உயர் ஓதம் ஒவ்வொரு நாளும் 50 நிமிடம் பிந்திப்போகும். முதல் நாள் 6 மணிக்கு உயர் ஓதம் என்றால், ஒரு வாரம் கழித்து அதே 6 மணிக்குத் தாழ் ஓதம் இருக்கும். அவருடைய அட்டவணையில் கடல் ஒரு வாரம் தொடர்ந்து இறங்கி, அடுத்த வாரம் தொடர்ந்து ஏறும். உண்மையில் அந்த இரண்டு வாரத்தில் கடல் ஐம்பது தடவைக்கு மேல் திசை மாறியிருக்கிறது. ஒவ்வொரு பதிவும் துல்லியமானது, ஒவ்வொரு வித்தியாசமும் உண்மையானது, ஆனாலும் ஏற்ற இறக்கம் பற்றிய முடிவு முழுக்கப் பொய். இந்திய நில அளவைத் துறை வெளியிடும் ஓத அட்டவணைகள் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்துவிடுகின்றன. உயர் ஓதமும் தாழ் ஓதமும் நிகழும் நேரங்களையும் உயரங்களையுமே அவை தருகின்றன. திரும்பும் புள்ளிகளையே தேர்ந்தெடுத்து அட்டவணையாக்கியிருப்பதால், அடுத்தடுத்த இரு பதிவுகளுக்கு நடுவே நீர் ஒரே திசையில் செல்கிறது என்று நம்பிப் படகைச் செலுத்தலாம். அந்த நம்பிக்கைக்குக் காரணம் எண்கள் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டன என்ற செய்தி. எண்களை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அது தெரியாது.

மடக்கை அட்டவணைப் புத்தகத்தைப் புரட்டியவர்கள் எல்லோரும் இந்த உண்மையைக் கையால் செய்து பார்த்தவர்கள். சைன் மதிப்பு காணும்போது வலப்பக்கத்துச் சராசரி வித்தியாசத்தைக் கூட்ட வேண்டும். கோசைனுக்கு அதைக் கழிக்க வேண்டும். இந்த விதியை மனப்பாடமாக ஒப்பித்த மாணவர்களில் பெரும்பாலோருக்கு, 0 பாகையிலிருந்து 90 பாகை வரை சைன் ஏறும் சார்பு, கோசைன் இறங்கும் சார்பு என்ற தேற்றத்தைத்தான் பயன்படுத்துகிறோம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதே புத்தகத்தின் சைன் பக்கத்தில் கடைசி வரியைப் பாருங்கள். நான்கு தசம இடங்களுக்குச் சுருக்கியதால் 89 பாகை 30 நிமிடத்திலிருந்து எல்லாமே 1.0000 என்று நிற்கும். அட்டவணைப்படி சார்பு அங்கே மாறிலி. சைனோ 90 பாகை வரை ஒரு கணமும் நில்லாமல் ஏறிக்கொண்டிருக்கிறது. தசம இடம் போதாமல் ஏற்றம் மறைந்துபோகும் இந்த நிலை, அளவீடுகளில் இன்னும் மோசமாகத் தலைகீழாகும். பத்தில் ஒரு பாகை முன்பின் காட்டும் வெப்பமானியில் 99.4 என்பது அடுத்த முறை 99.3 ஆனதை வைத்துக் காய்ச்சல் இறங்குகிறது என்று சொல்ல நியாயமில்லை.

நம் நாட்டுக் கணித மரபில் இதற்கு மிகப் பழைய, மிக அழகான சான்று ஒன்று இருக்கிறது. 499ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் ஆரியபட்டீயத்தில் சைன் அட்டவணை மதிப்புகளாகத் தரப்படவில்லை, வித்தியாசங்களாகத் தரப்பட்டிருக்கிறது. கால் வட்டத்தை 3 பாகை 45 நிமிடம் கொண்ட 24 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் மதிப்பு எவ்வளவு கூடுகிறது என்பதை ஆரியபட்டர் எழுதினார். 225, 224, 222, 219, 215 என்று தொடங்கி 51, 37, 22, 7 என்று முடியும். எல்லாவற்றையும் கூட்டினால் 3438, அதாவது நிமிடங்களில் அளந்த ஆரம். ஏற்றத்தை அறிய இதைவிட நல்ல அட்டவணை அமைப்பு எனக்குத் தெரியாது. எல்லா எண்ணும் மிகை என்பதால் மதிப்பு ஒவ்வொரு பகுதியிலும் கூடுகிறது. அந்த எண்களே ஒன்றைவிட ஒன்று சிறிதாகிக்கொண்டு வருவதால், ஏறும் வேகம் சீராகத் தளர்கிறது. இரண்டாவது செய்திதான் முதல் செய்திக்கு வலு சேர்க்கிறது: வித்தியாசங்கள் இவ்வளவு ஒழுங்காக மாறும்போது, ஒரு பகுதிக்குள் சார்பு ஒளிந்து இறங்கி ஏறியிருக்கும் என்று நினைக்க இடம் குறைகிறது. குறைகிறதே ஒழிய அற்றுப்போவதில்லை. ஐயத்தை முழுவதும் நீக்குவது வட்டத்தின் வடிவியல்.

இன்னொரு வகைச் சார்புகள் அட்டவணையை வேறு விதமாக ஏமாற்றும். 1ஐ ஓர் எண்ணால் வகுக்கும் சார்புக்கு −2, −1, 1, 2 ஆகிய இடங்களில் −0.5, −1, 1, 0.5 என்று மதிப்பு. −1இலிருந்து 1க்குப் போகையில் மதிப்பு கூடியிருக்கிறது. ஆனால் பூச்சியத்தில் சார்பே இல்லை. அதன் இருபுறமும் சார்பு இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. டேன் சார்பு 80 பாகையில் 5.671, 100 பாகையில் −5.671. வீழ்ச்சிபோலத் தெரியும் இந்தச் சார்பு, வரையறுக்கப்பட்ட ஒவ்வொரு துண்டிலும் ஏறும் சார்பு. இங்கே தேவைப்படும் வெளிச்செய்தி, சார்பு எங்கே தொடர்ச்சியாக இருக்கிறது என்பது.

வகை நுண்கணிதம் கைவசம் இருக்கும்போது அட்டவணையோடு மல்லுக்கட்டுவது எதற்கு என்று கேட்கும் ஆசிரியர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் நுண்கணிதமும் ஓர் அட்டவணையோடுதான் முடிகிறது. நம் முதல் சார்பின் வகைக்கெழுவைப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தினால் இரண்டு மாறுநிலைப் புள்ளிகள் கிடைக்கும், ஏறத்தாழ −1.155, 1.155. எண்கோடு மூன்று துண்டாகும். ஒவ்வொரு துண்டிலும் ஓர் எண்ணை எடுத்து வகைக்கெழுவின் குறியைப் பார்க்கிறோம்: −2இல் 8, 0இல் −4, 2இல் 8. மிகை, குறை, மிகை. மூன்றே மூன்று மதிப்புகளைக் கொண்டு முழு எண்கோட்டுக்கும் தீர்ப்பு எழுதுகிறோம். முன்பு ஏழு மதிப்புகள் போதவில்லை, இப்போது மூன்று எப்படிப் போதும்? வகைக்கெழு தொடர்ச்சியான சார்பு. மிகையிலிருந்து குறைக்குப் போக வேண்டுமானால் பூச்சியத்தைத் தொட்டே ஆக வேண்டும். தொடும் இடங்கள் எல்லாவற்றையும் நாம் முன்பே குறித்துவிட்டோம். இந்த மூன்று வாக்கியங்களும் வெளிச்செய்திகள். இவற்றைச் சொல்லாமல் குறி அட்டவணை போடக் கற்ற மாணவர், ஏதாவது ஓர் எண்ணைப் பிரதியிட்டால் போதும் என்ற சடங்கை மட்டுமே கற்றிருக்கிறார். மாறுநிலைப் புள்ளி ஒன்றை விட்டுவிட்டு அட்டவணை போட்டாலும் அவருக்கு உறுத்தாது. மேலும், மக்கள்தொகைக்கும் ஓதப் பதிவுக்கும் நோயாளியின் வெப்பநிலைக்கும் யாரும் சூத்திரம் எழுதிக் கையில் தருவதில்லை. அவை அட்டவணையாகவே பிறக்கின்றன.

அப்படியானால் அட்டவணையிலிருந்து எதுவுமே சொல்ல முடியாதா என்ற எதிர்முனை மறுப்பையும் நான் ஏற்க மாட்டேன். நிறையச் சொல்லலாம், எதை நம்பிச் சொல்கிறோம் என்பதையும் கூடவே சொன்னால். சார்பு தொடர்ச்சியானது என்பது மட்டும் தெரிந்தால், −2, −1, 0 ஆகியவற்றில் 0, 3, 0 என்று வருவதைக் கொண்டு −2க்கும் 0க்கும் நடுவே எங்கோ ஓர் உச்சி நிச்சயம் உண்டு என்று அடித்துச் சொல்லலாம். உச்சி −1இல் என்று சொல்ல உரிமையில்லை. அதன் இருபுறத்து இடைவெளிகளும் ஐயத்துக்குரியவை. அது முப்படிப் பல்லுறுப்புக்கோவை என்று தெரிந்தால் நிலைமை மாறுகிறது. முப்படிக்கு இரண்டுக்கு மேல் திரும்பும் புள்ளிகள் இருக்க முடியாது. அட்டவணையில் ஒரு திருப்பம் −2க்கும் 0க்கும் இடையிலும் மற்றொன்று 0க்கும் 2க்கும் இடையிலும் ஏற்கெனவே தெரிந்துவிட்டன. எனவே −3 முதல் −2 வரையிலும் 2 முதல் 3 வரையிலும் ஏற்றம் என்பது ஐயத்துக்கு இடமில்லாத விடை. சார்பின் வடிவம் தெரியாமல், சாய்வு மாறும் வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு மட்டும் தெரிந்தாலும் வழி இருக்கிறது. அடுத்தடுத்த இரு மதிப்புகளின் வித்தியாசம், அந்த வரம்பை இடைவெளி நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி வருவதைவிடப் பெரிதாக இருந்தால், அந்த இடைவெளி முழுவதும் சார்பு ஒரே திசையில்தான் செல்கிறது. லெக்ராஞ்சியின் தேற்றத்தை இரண்டு முறை பயன்படுத்தினால் இது வந்துவிடும். நம் சார்புக்குக் கால் கால் எண்ணாக அட்டவணை போட்டு, ஒவ்வொரு கால் அலகுக்கும் அதற்கே உரிய வரம்பை வைத்து இந்தச் சோதனையைச் செய்தால், −2 முதல் −1.5 வரை ஏற்றம் உறுதி, −1 முதல் −0.75 வரை இறக்கம் உறுதி, −1.5க்கும் −1க்கும் இடைப்பட்ட அரை அலகு மட்டும் ஐயம் என்று வரும். உண்மையான உச்சி அந்த அரை அலகுக்குள்தான் இருக்கிறது. தெரிந்தது, தெரியாதது இரண்டையும் எல்லை பிரித்துக் காட்டும் இந்த விடையைத்தான் நேர்மையான விடை என்பேன். ஐயப் பகுதியைச் சுருக்க வேண்டுமானால் அங்கே மட்டும் இன்னும் நெருக்கமாக மதிப்புகள் எடுத்தால் போதும்.

இதெல்லாம் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு அதிகம், முதலில் எளிதாகக் கற்கட்டும், நுட்பம் பிறகு வரட்டும் என்பது என் சக ஆசிரியர்கள் பலரின் நிலைப்பாடு. அவர்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் பிறகு வரும் என்று ஒத்திவைத்த நுட்பம் பெரும்பாலும் வருவதே இல்லை. முனை மதிப்புகளை ஒப்பிட்டால் போதும் என்ற பழக்கம் நாளிதழ் புள்ளிவிவரம் படிக்கிறபோதும் விலைவாசி பேசுகிறபோதும் கூடவே வருகிறது. தவிர, இது கடினமான செய்தியும் இல்லை. சைன் சேர்ந்த அந்தச் சார்பின் இரண்டு அட்டவணைகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதினால் பத்தாம் வகுப்பு மாணவருக்கும் விளங்கும். முனைப்புள்ளி ஏறும் இடைவெளியில் சேருமா இறங்கும் இடைவெளியில் சேருமா, அடைப்பு வளைவா சதுரமா என்று விடைத்தாளில் அரை மதிப்பெண்ணுக்கு நாம் செலவிடும் கண்டிப்பை இங்கே திருப்பலாம். தொடர்ச்சியான சார்புக்கு அந்தப் புள்ளி இரண்டு பக்கமும் சேரலாம், வரையறை அதைத் தடுக்கவில்லை. அதைவிட, இரண்டு ஏறும் இடைவெளிகளைச் சேர்ப்புக் குறியால் இணைத்து ஒன்றாக எழுதுவதுதான் கண்டிக்க வேண்டிய பிழை. நம் சார்பு −1.2இல் 3.072, 1.2இல் −3.072. இரண்டும் ஏறும் பகுதிகளில் உள்ள புள்ளிகளே; ஆனால் பெரிய எண்ணுக்குச் சிறிய மதிப்பு.

வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. அட்டவணை தந்து ஏற்ற இறக்கம் கேட்கும்போது ஒரு வரியைக் கூடுதலாக எழுதுங்கள். சார்பு தொடர்ச்சியானது என்றும், திரும்பும் புள்ளிகள் எல்லாம் அட்டவணையில் உள்ளன என்றும் தாருங்கள். அல்லது அது முப்படி என்று சொல்லி, உறுதியாகத் தெரியும் இடைவெளிகளை மட்டும் கேளுங்கள். இரண்டும் வேண்டாம் என்றால், அட்டவணையின் மதிப்புகள் எங்கே கூடுகின்றன என்று மட்டும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அட்டவணையிலேயே விடை இருக்கிறது.